பேஸ்டல் படத்தில் வெயில் வருவதும், அதை வைத்துப் பிழைப்பதும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அல்சூரில் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர். ஒரு வருடமாக சாஃப்ட் பேஸ்டலில் படம் போடுகிறார். ஏரிக்கரை, கப்பன் பார்க் மரங்கள், தெருமுனை வெயில் எல்லாம் அவருக்குப் பிடித்த விஷயங்கள். ஆனால் படம் வெளிறிப்போகிறது, வெயில் வரவே மாட்டேன் என்கிறது. ஃபிக்ஸடிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்தால் இருந்த பளிச்சும் போய்விடுகிறது. பெங்களூரில் இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் தொடங்கலாம். சாஃப்ட் பேஸ்டல் என்பது நிறமித் தூள், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், குச்சியாக நிற்கும் அளவுக்கு மட்டும் துளி பிசின். எண்ணெய்ச் சாயத்தில் நிறமி எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும், அக்ரிலிக்கில் பிளாஸ்டிக்குக்குள். பேஸ்டலில் துகள்கள் தாளின் சொரசொரப்பில் தொற்றிக்கொண்டு, நடுவே காற்றோடு, வெறுமனே இருக்கின்றன. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் ஒளியைச் சிதறடிக்கிறது. பேஸ்டலின் பிரகாசம் முழுக்க இதுதான். அதன் பலவீனமும் இதேதான். (ஆயில் பேஸ்டல் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த வேறு சாமான். கடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.)

ஃபிக்ஸடிவ் ஏன் மங்கவைக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) காற்றுக்கு 1, சுண்ணாம்புத் தூளுக்கு ஏறக்குறைய 1.6, ஃபிக்ஸடிவில் உள்ள பிசினுக்கு ஏறக்குறைய 1.5. துகளுக்கும் காற்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும்வரை ஒளி நன்றாகச் சிதறும். காற்று இருந்த இடத்தைப் பிசின் பிடித்துக்கொண்டால் வித்தியாசம் சுருங்கி, வெள்ளைத் தூள் பாதி கண்ணாடியாகிவிடும். காய்ந்த செம்மண் தரையில் தண்ணீர் தெளித்தால் கறுக்கிறதே, அதே காரணம். அதனால் முதலில் அடிபடுவது மேலே கடைசியாக வைத்த வெளிர் நிறங்கள், அதாவது உங்கள் வெயில். விரலால் தேய்த்துத் தேய்த்து மென்மையாக்கினாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். துகள்கள் தாளின் குழிகளுக்குள் அமுங்கி, சமதளமாகி, செத்துப்போகின்றன. ஆரம்பப் படலத்தில் தேய்க்கலாம். வெயில் படும் இடத்தில் கடைசி இரண்டு படலங்களை விரலால் தொடவே தொடாதீர்கள்.

படம் வெளிறிப்போவதற்கு இன்னொரு காரணம், இதைவிடப் பெரியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்பகல் நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழுகிறது. அதே நேரம் கட்டிட நிழலில் 15,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், அழுக்கேறிய சிமென்ட் நடைபாதை 25 விழுக்காடு. ஆக நிழலில் நிற்கும் வெள்ளைச் சுவரிலிருந்து வருவது 12,000, வெயிலில் கிடக்கும் நடைபாதையிலிருந்து வருவது 25,000. சாம்பல் நிற நடைபாதை வெள்ளைச் சுவரைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்! ஆனால் சுவர் வெள்ளை என்று நம் மூளைக்குத் தெரியும். கை போய் வெள்ளைக் குச்சியை எடுத்துவிடுகிறது. நிழல் சுவருக்கே வெள்ளையைச் செலவழித்துவிட்டால் வெயிலுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

வெளியே உள்ள வெளிச்ச வித்தியாசம் சில நூறு மடங்கு. தாளில் நம்மிடம் இருப்பதோ, மிக வெளிர்ந்த பேஸ்டலுக்கும் மிகக் கறுத்த பேஸ்டலுக்கும் இடையே ஏறக்குறைய 20 மடங்குதான். அதனால் எதைக் கறுக்கவிடுகிறோம் என்பதில்தான் வெயில் பிறக்கிறது. நடைமுறையில், வெயில்பட்டது ஒரு குடும்பம், நிழலில் உள்ளது ஒரு குடும்பம் என்று பிரித்து, நிழல் குடும்பத்தின் மிக வெளிர்ந்த டோன்கூட (டோன் என்றால் நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்ற அளவு) வெயில் குடும்பத்தின் மிக அடர்ந்த டோனைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நம்பிக்கை வராவிட்டால் போன் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக் காட்சியையும் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இந்த இரண்டு குடும்பமும் கலந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த குச்சி வைத்திருந்தாலும் பயனில்லை.

குச்சி என்றதும், பெட்டியாக விற்கும் செட்டுகளின் குறையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் வெளிர் நிறங்களும் நடு நிறங்களும் வழிய வழிய இருக்கும், அடர் நிறங்கள் நாலைந்துதான் தேறும். நிழலுக்குப் போக வழியில்லாமல்தான் பாதிப் பேர் படத்தை வெளிறவைக்கிறார்கள். தொடக்கத்துக்கு முங்யோ அரைக்குச்சி செட் ஒன்று, அடிப்படலத்துக்குச் சற்றுக் கெட்டியான கேம்லின் குச்சிகள் கொஞ்சம், அதற்கு மேல் தனிக்குச்சியாக அடர் நீலம், அடர் ஊதா, கரும்பச்சை, கருஞ்செம்பழுப்பு என்று ஆறு அடர் நிறங்கள் போதும். பணம் மிச்சமிருந்தால் செனலியே, ஷ்மின்கே, யூனிசன் போன்ற மிக மிருதுவான ரகத்தில் நாலே நாலு வெளிர் குச்சி வாங்குங்கள்: மஞ்சள் சாய்ந்த வெள்ளை, இளஞ்சிவப்பு சாய்ந்த வெள்ளை, வெளிர் ஆரஞ்சு, வெளிர் நீலம். கடைசி ஒளிப்புள்ளிகள் மட்டும் இவற்றால். தூய வெள்ளையை ஒளித்து வைத்துவிடுவது உத்தமம். வெயில் ஒருபோதும் வெறும் வெள்ளையாக இருப்பதில்லை.

குச்சி வாங்கும்போது நிறமிக் குறியீட்டையும் (எந்த நிறமி சேர்ந்தது என்று காட்டும் குறி) கவனியுங்கள். ரோஸ், மெஜந்தா, ஊதா ரகங்களில் சீக்கிரம் வெளுக்கும் நிறமிகள் அதிகம். எளிய சோதனை ஒன்று: ஒரு பட்டைத் தாளில் எல்லா நிறத்தையும் தீட்டி, பாதியை அலுமினிய ஃபாயிலால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிறகு ஃபாயிலை எடுத்துப் பார்த்தால் எதை விற்பனைப் படத்தில் சேர்க்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

தாள். கான்சன் மி-டான்ட் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) எளிதில் கிடைக்கும். ஒரு பக்கம் தேன்கூட்டுக் கட்டம், மறுபக்கம் வழவழப்பு. வழவழப்புப் பக்கத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் வானத்தில்கூடக் கட்டம் தெரியும். மூன்று நான்கு படலத்துக்கு மேல் அது தாங்காது, தண்ணீர் பட்டால் நெளியும். பல படலம் வேண்டுமென்றால் யூஆர்ட் மணல்தாள் 400 நம்பர், அல்லது பாஸ்டல்மேட். இரண்டும் இறக்குமதி, விலை உறுத்தும். வீட்டில் செய்துகொள்ளலாம்: 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளைப் பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, அக்ரிலிக் ஜெஸோ (வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பங்கு, மெல்லிய பியூமிஸ் (எரிமலைக் கல்) பொடி அல்லது மார்பிள் பொடி ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணீர் கலந்து, முதல் பூச்சு குறுக்காக, காய்ந்ததும் இரண்டாவது நெடுக்காக. கலவையிலேயே சிட்டிகை காவி நிற அக்ரிலிக் சேர்த்தால் வெள்ளைத் தாளின் பயம் போய்விடும். கோலமாவு போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பரல்கள் ஒரே அளவில் இருக்காது, குச்சியை அராவிவிடும், வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் சுருளும். பின்பக்கமும் மெல்லியதாக ஒரு ஜெஸோ அடித்துவிடுங்கள்.

இனி ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கப்பன் பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தடி, காலை ஒன்பதரை. தரையில் சிதறிக் கிடக்கும் ஒளிப்பொட்டுகளை வெள்ளைத் தீற்றல்களாக இழுத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. உற்றுப் பார்த்தால் அவை பெரும்பாலும் வட்டம் அல்லது நீள்வட்டம். சின்ன இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் அது ஊசித்துளை போல வேலை செய்து, தரையில் சூரியனின் உருவத்தையே விழச்செய்கிறது. பொட்டின் அகலம் இடுக்கு இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு. பத்து மீட்டர் தூரத்து இடுக்கென்றால் ஒன்பது செ.மீ. சூரியன் சாய்ந்திருந்தால் பொட்டு நீளும், 45 பாகையில் நீளம் அகலத்தைப்போல 1.4 மடங்கு. சூரியன் புள்ளியல்ல, வட்டு என்பதால் ஓரம் கூர்மையாக இருக்காது.

போடும் வரிசை: முதலில் அடர் நிறங்களால் மரத்தடி நிழல் முழுவதையும் ஒரே கூட்டாக அடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள் (மணல்தாளிலோ ஜெஸோ தாளிலோ மட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது). இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். பச்சை வரப்போகும் இடத்துக்கு அடியில் செங்கல் சிவப்பைக் கரைத்துவிட்டால் மேலே வரும் பச்சை உயிரோடு நிற்கும். பச்சைக்கு அடியில் பச்சையே போட்டால் பிளாஸ்டிக் செடி. அடுத்து நிழலின் வண்ண மாற்றம்: வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தரையில் வானத்தின் நீலம், அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் செம்மண்ணிலிருந்து எகிறும் சூடான பழுப்பு. பிறகு ஒளிப்பொட்டு. பொட்டு விழும் இடத்தில் முதலில் தரை நிறத்திலேயே நடுத்தர டோன் ஒன்றை, பொட்டைவிடச் சற்றுப் பெரிதாக. அதற்குள் வெளிர் ஆரஞ்சு. நடுவில் மட்டும், எல்லாப் பொட்டிலும் இல்லை, மூன்று நான்கில், மிருதுவான மஞ்சள் வெள்ளையை ஒரே அழுத்தில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை அதன்மேல் போனால் கீழே உள்ள அடர் நிறம் கிளம்பிக் கலங்கிவிடும். இன்னொன்று: தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும். அதன்பின் வானம் அதிகம் தெரியும், மரத்தடி டோனே மாறிவிடும். காலையில் தொடங்கிய படத்தை மாலையில் அங்கே உட்கார்ந்து முடிக்க நினைக்காதீர்கள்.

அல்சூர் ஏரிக்கு ஒரு விதி போதும்: தண்ணீரில் தெரியும் பிம்பத்தில் அடர்ந்த பொருள் சற்று வெளிர்ந்தும், வெளிர்ந்த பொருள் சற்று அடர்ந்தும் இருக்கும். பிம்பத்தை நெடுக்குக் கோட்டில் போட்டு, தண்ணீரின் பரப்பைக் காட்ட இரண்டே குறுக்குக் கோடு.

பெங்களூரின் சூரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் படிக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே மாலைப் பொன்வெயில் நிதானமாக நிற்கும். 13 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்குச் சூரியன் மார்ச், செப்டம்பர் வாக்கில் மணிக்கு 14.6 பாகை என்று செங்குத்தாக ஏறுகிறது. உதித்து ஆறு பாகை உயர 25 நிமிடம்தான், மாலையில் இறங்கவும் அவ்வளவே. லண்டனில் அதற்கு ஏறக்குறைய 40 நிமிடம். ஆகவே வெளியே உட்கார்ந்தால் 6×8 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் நிழல் விளிம்புகளைக் குறித்துவிட்டு, பின்னால் நிழல் நகர்ந்தாலும் அந்தக் குறியை நகர்த்தாதீர்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில். கடிகாரத்தில் அது 12:20 வாக்கில் வரும். நிழல் காலடியில் சுருண்டுவிடும், முகங்களில் கண்குழி கறுக்கும். அந்த நேரத்துக்குப் படம் போடுவதைவிடச் சாப்பிடப் போகலாம். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் 54 பாகைக்கு மேல் ஏறாது, பக்கவாட்டு வெயில் நீண்ட நேரம் கிடைக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை, தபேபூயா மரங்கள் பூக்கும் காலம் உட்பட, இதுதான் இங்கே பேஸ்டல்காரரின் சீசன்.

நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னல் வெளிச்சமே ஓவியருக்கு நல்லது என்ற வேதவாக்கும் இங்கே பாதிதான் செல்லும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி வேலைக்கு 4,000–5,000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 90க்கு மேல் உள்ள எல்இடி. சீலிங் ஃபேன் கூடவே கூடாது. தூள் அறை முழுக்கப் பரவி நுரையீரலுக்குள் போகும். காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் கலந்த குச்சிகளும் உண்டு. படத்தை ஊதாதீர்கள். பலகையைச் சற்று முன்பக்கம் சாய்த்து வைத்தால் தூள் தானாகக் கீழே விழும், அங்கே ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டுவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். நிறையத் தூள் பறக்கும் நாளில் என்95 மாஸ்க்.

ஃபிக்ஸடிவ் தேவையே இல்லையா என்றால், நடுவில் பயன்படுத்தலாம். அடிப்படலங்கள் முடிந்ததும் 30–40 செ.மீ. தள்ளி நின்று ஒரு லேசான தூவல். தாளின் பிடிப்பு திரும்பும், அதன்மேல் புதிய படலம் ஏறும். பிரெஞ்சு ஓவியர் தெகா (1834–1917) படலத்துக்குப் படலம் இப்படி ஃபிக்ஸ் செய்துதான் அத்தனை அடுக்குகளை ஏற்றினார். நீராவி காட்டி இளக்கியும் போட்டிருக்கிறார். மேல் படலத்துக்கு மட்டும் அடிக்காதீர்கள்.

அப்படியானால் படத்தைக் காப்பது கண்ணாடி. பேஸ்டலைத் தொழிலாக எடுப்பவர் பாதி ஃப்ரேம்காரராகவும் இருக்க வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவே 5–6 மி.மீ. இடைவெளி வேண்டும். மவுண்டுக்கு (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) அடியில், அதன் திறப்பு விளிம்பிலிருந்து வெளியே தெரியாதபடி கொஞ்சம் பின்தள்ளி, இன்னொரு அட்டைத் துண்டை வையுங்கள். உதிரும் தூள் மவுண்டின் சாய்வெட்டில் படியாமல் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிடும். இதை ஃப்ரேம் கடையில் வரைந்து காட்டிச் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார், எடை குறைவு என்று. அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும், ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். பின்பக்கம் பேப்பர் டேப்பால் மூடி, கீழ் மூலைகளில் சிறிய ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே காற்று ஓடும். ஜூனிலிருந்து அக்டோபர்வரை பூஞ்சை வராமலிருக்க இதுவே பாதி மருந்து. ஃப்ரேம் போடாத படங்களைக் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்) வைத்து, மேலே எதையும் நகர்த்தாமல், படுக்கைவாட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் நேராகப் போடக் கூடாது.

இப்போது பிழைப்பு. பேஸ்டல்காரர்கள் வரலாற்றில் சாப்பிட்டது பெரும்பாலும் முகச்சித்திரத்தால். வெனிஸின் ரொசால்பா கரியேரா (1673–1757) ஊருக்கு வந்துபோகும் செல்வந்தப் பயணிகளின் முகங்களைச் சின்ன அளவில் போட்டுப் புகழ்பெற்று, 1720இல் பாரிஸின் ராயல் அகாடமியில் இடம் பெற்றார். காய வேண்டியதில்லை, ஆள் அமர வேண்டிய நேரம் குறைவு, கையோடு எடுத்துப் போகலாம் என்பவை பேஸ்டலின் வியாபார பலம். இன்றைக்கும் அதுவே. நம் நாட்டில் அபனீந்திரநாத் தாகூர் பேஸ்டலில் முகங்கள் போட்டார். பிகாஷ் பட்டாச்சார்ஜி, ஜோகேன் சௌத்ரி இருவரும் பேஸ்டலைப் பெரிய படைப்புகளுக்கே எடுத்தாண்டார்கள். இரண்டாந்தரச் சாமான் என்று யாராவது சொன்னால் இவர்களைக் காட்டலாம்.

பெங்களூரில் வேலையை உடனே விடச் சொல்ல மாட்டேன். வருமானம் மூன்று வாய்க்காலில் வரும்: முகச்சித்திர ஆர்டர், வார இறுதி வகுப்பு, படமும் பிரின்ட்டும் விற்பது. வெயிலும் மரமும் போடுகிறவருக்கு மூன்றாவதுதான் ஆசை, ஆனால் முதல் சில வருடம் முதல் இரண்டுதான் வாடகை கட்டும். ஜனவரியில் ஒரு ஞாயிறு குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை நல்ல தொடக்கம். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நாள் முழுக்கத் திறந்தவெளி, தூசி, கூட்டம், கை வைத்துப் பார்க்கும் குழந்தைகள். அங்கே ஃப்ரேம் போடாத பேஸ்டலை வைப்பது தற்கொலை. கண்ணாடி போட்ட சின்னப் படங்கள் பத்துப் பன்னிரண்டும், உறையில் பிரின்ட்டுகளும் கொண்டுபோங்கள். எடுத்துச் செல்லும்போது கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிடுங்கள், உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது. பரிஷத்துக்குப் போகும்போது அங்குள்ள, ரஷ்ய ஓவியர் ரோரிக் பெயரிலான காட்சிக்கூடத்தையும் பார்த்துவிடுங்கள். பேஸ்டல் இல்லைதான், ஆனால் மலைமேல் விழும் ஒளிக்கு எத்தனை குறைந்த டோன் போதும் என்பதற்குப் பாடம்.

பிரின்ட்டுக்கு ஸ்கேனரில் வைக்காதீர்கள், கண்ணாடி தூளை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு, படத்துக்கு நேர் எதிரே கேமரா, ஓரத்தில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை).

விலையைச் சதுர அங்குலக் கணக்கில் நிறுத்துங்கள். எடுத்துக்காட்டாக அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றால் 12×16 படத்துக்கு 4,800 ரூபாய், ஃப்ரேம் செலவு தனி. கேலரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கமிஷன் எடுக்கும். அதை மனதில் வைத்துத் தொடக்கத்திலேயே விலை வையுங்கள். கேலரியில் ஒரு விலை, வீட்டில் வந்தால் பாதி விலை என்று விற்றால் அடுத்த முறை கேலரி கதவு திறக்காது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வருவோருக்குச் சின்னப் படத்தைப் பரிசாகக் கொடுத்துவிடலாம், தள்ளுபடி விலை மட்டும் சொல்லாதீர்கள்.

ஆர்டர் வாங்கும்போது எழுத்தில் ஒரு பக்கம் போதும்: அளவு, பாதி முன்பணம், எத்தனை திருத்தம், ஃப்ரேம் யார் பொறுப்பு. கூடவே ஒரு வரி காப்புரிமைக்கு. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்துப் போடச்சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், போடச்சொன்னவரே முதல் காப்புரிமையாளர். அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு விற்கவோ காலண்டருக்குக் கொடுக்கவோ விரும்பினால் “காப்புரிமை ஓவியரிடமே இருக்கும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் பின்னட்டையில் இன்னொரு குறிப்பு ஒட்டுங்கள்: நேர் வெயிலும் குளியலறைச் சுவரும் ஆகாது, கண்ணாடியைக் கழற்றக் கூடாது, கண்ணாடி உடைந்தால் படத்தை மேல்நோக்கிப் படுக்கவைத்து என்னைக் கூப்பிடவும். கீழே உங்கள் போன் நம்பர்.